முகம் பார்க்க ஒரு பெட்டி

என் அம்மா இறந்தபோது அண்ணன் காஷ்மீரில் இருந்தான். ராணுவத்தில் டிரைவர். தகவல் போய், லீவு கிடைத்து, மலையிலிருந்து இறங்கி, விமானம் பிடித்து வந்து சேர இரண்டு நாள் ஆகும் என்றான். சித்திரை மாத வெயில். தென்காசியில் வாடகைக்கு விடும் ஃப்ரீசர் பெட்டிகள் எல்லாம் வேறு வேறு சாவு வீடுகளில் இருந்தன. திருநெல்வேலியிலிருந்து வருவதாகச் சொன்ன பெட்டியும் வரவில்லை. மீன் கடையில் ஐஸ் கட்டி வாங்கி, மேலே ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டு, அம்மாவைச் சுற்றி அடுக்கினோம். ஒரு பகலுக்கு மேல் தாங்கவில்லை. எடுத்துவிடலாம் என்றார்கள் பெரியவர்கள், எடுத்துவிட்டோம். அண்ணன் வந்தபோது சாம்பலில் பால் தெளித்து முடித்திருந்தோம். அவன் என்னைத் திட்டவில்லை. "ஒரு நாள் வச்சிருக்க முடியலையாலே ஒனக்கு?" என்று மட்டும் கேட்டான்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்திலோ போலீஸிலோ வளைகுடாவிலோ இருப்பார். அதனால் சாவு வீட்டில் முதலில் கேட்பது எப்படிச் செத்தார் என்பதை அல்ல, இன்னும் யார் வரவேண்டியிருக்கிறது என்பதைத்தான். வரவேண்டியவர் வந்து முகம் பார்த்த பிறகுதான் எடுப்பார்கள். முகம் பார்க்காதவர்கள் என்ன ஆகிறார்கள் என்று அண்ணனைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அம்மா போய் இரண்டு வருஷம் கழித்தும், போனில் "அம்மா என்ன செய்யுதா" என்று கேட்க வாயெடுத்துப் பாதியில் நிறுத்துவான்.

அம்மாவுக்காக அன்று ஐஸ் சுமந்தவன் என் நண்பன். ஐ.டி.ஐ.யில் என்னோடு படித்தவன். நான் படித்த வேலைக்குப் போகாமல் தென்காசியில் ஜெராக்ஸ் கடை போட்டு உட்கார்ந்துவிட்டேன். அவன் ஒழுங்காக ஃப்ரிட்ஜ், ஏ.சி. மெக்கானிக் ஆனான். குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்துவிட்டால் அவனைப் பிடிக்க முடியாது. வெளியே சாரல் விழும்போதும் ரூமில் ஏ.சி. ஓடவில்லை என்று சண்டை பிடிக்கிறவர்களை நம்பித்தான் அவன் பிழைப்பு.

"ஏலே, அதென்ன பெரிய மெஷினா? ஒரு கம்ப்ரஸரு, கொஞ்சம் காப்பர் பைப்பு. நாமளே ஒண்ணு செய்வோம்" என்றான் அம்மாவின் பதினாறாம் நாள் முடிந்த கையோடு.

செய்தோம். ஐந்தருவி ரோட்டில் ஐஸ்கிரீம் கடை ஒன்றை மூடினார்கள். அதன் பழைய ஃப்ரீசரை நாங்கள் வாங்கிவந்தோம். தென்காசி பட்டறையில் நீளப் பெட்டி ஒன்று அடித்து, மேலே கண்ணாடி மூடி போட்டு, அந்தக் கம்ப்ரஸரை அதில் பொருத்தினான். குளிர் சமமாகப் பரவுகிறதா என்று பார்க்க ஆள் படுக்க வேண்டும் என்றான். நான்தான் படுத்தேன். அவன் மூடியை வைத்துவிட்டு, கண்ணாடிக்கு வெளியே நின்று, "காலு குளிருதா? தலை குளிருதா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து அவன் தங்கை வந்துவிட்டாள். இரண்டு பேருக்கும் நல்ல ஏச்சு கிடைத்தது.

அந்தத் தங்கைதான் எங்கள் மூன்றாவது கூட்டாளி. திருநெல்வேலியில் நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் இருவருக்கும் சேர்த்து இருந்த மூளையைவிட அவளுக்கு அதிகம். கையுறை போட்டுத் தூக்குவது, ஒவ்வொரு வீட்டிலிருந்து வந்த பிறகும் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுவது, வெயிலில் காயவைப்பது எல்லாவற்றையும் ஓர் அட்டையில் எழுதிப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டினாள். கடைசியில், "யார் முதலில் கூப்பிடுகிறார்களோ அவர்களுக்கு" என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள். வசதியுள்ள வீடு முழு வாடகை தரட்டும், இல்லாத வீடு ஒன்றும் தரவேண்டாம் என்பதும் அவள் சொன்னதுதான்.

அப்போது தென்காசியில் இளைஞர்களுக்குத் தொழில் முனைவோர் பயிற்சி முகாம் ஒன்று நடத்தினார்கள். மூன்று பேரும் போனோம். டை கட்டியிருந்த ஒருவர், ஊருக்கு நல்லது செய்துகொண்டே தன் காலில் நிற்கிற தொழிலுக்குச் சோஷியல் என்டர்பிரைஸ் என்று பெயர் என்றார். அதுவரை எங்களுக்கு அது பெட்டிதான். எங்கள் முறை வந்தபோது, "உங்க கஸ்டமர் யாரு?" என்று கேட்டார். நண்பன் எழுந்து, "கஸ்டமர் ஒண்ணும் பேச மாட்டாரு சார்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். தங்கை சிரிக்கவில்லை. "தூரத்துல இருக்கிற பிள்ளைங்கதான் சார் எங்க கஸ்டமர். அவங்க வந்து சேருத வரைக்கும் அந்த முகத்தை நாங்க பாத்துக்கிடுதோம்" என்றாள். அன்று எங்களுக்குச் சால்வை போட்டார்கள். அந்தப் போட்டோவில் நான்தான் முன்னால் நிற்கிறேன்.

ஒன்றரை வருஷம் நன்றாகவே நடந்தது. செங்கோட்டை, இலஞ்சி, புளியறை என்று லோடு ஆட்டோவில் பெட்டியோடு சுற்றினோம். சீசன் கூட்டத்தில் குற்றாலம் பஜாரைத் தாண்டும்போது, ஈரத் தலையோடு நடுரோட்டில் நிற்பவர்கள் பெட்டியைப் பார்த்ததும் சட்டென்று ஒதுங்கி வழிவிடுவார்கள். பணம் தராத வீட்டிலிருந்து பதினாறு கழிந்து வாழைத்தார் வரும், தேங்காய் வரும். துபாயிலிருந்து வந்த ஒரு மகன், அப்பா முகத்தைப் பார்த்து அழுது முடித்துவிட்டு, நேராக வந்து நண்பனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

எங்கள் ஊரைப் பற்றி இதுவரை சொல்லாமல் வந்திருக்கிறேன். தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் இடையில் இருக்கிறது. மேலத்தெரு, கீழத்தெரு. நடுவில் ஒரு வாய்க்கால், அதன்மேல் ஒரு பாலம். நான் மேலத்தெரு, நண்பன் கீழத்தெரு. இதற்கு மேல் விளக்க வேண்டிய அவசியம் தமிழ் படிக்கிற யாருக்கும் இருக்காது.

ஒரு புரட்டாசியில் கீழத்தெருவில் ஒரு சாவு. பெட்டி இரண்டு நாள் அங்கே இருந்தது. மறுவாரம் மேலத்தெருவில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் காலமானார். கூப்பிட்டார்கள், கொண்டுபோனோம். தெருமுனையிலேயே மூத்த மகன் ஆட்டோவை நிறுத்திவிட்டார். "தப்பா நினைக்காத தம்பி. பெரியவங்கல்லாம் இருக்காவ. போன வாரம் இது எங்கன இருந்துதுன்னு எல்லாருக்கும் தெரியும்" என்றார். அதற்கு முன்னால் அந்தப் பெட்டியில் யார் யார் கிடந்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. மற்ற ஊர்களில் யாரும் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. தெரியாதவரை தீட்டு இல்லை. ஆட்டோவை ஓட்டிவந்த நண்பன், அவர் பேசி முடிக்குமுன்பே ரிவர்ஸ் எடுத்துவிட்டான்.

ஊர்க் கூட்டத்தில் அதற்கு வழி கண்டுபிடித்தார்கள். மேலத்தெருவுக்கென்று தனியாக ஒரு புதுப் பெட்டி. முன்னின்று வாங்கிக் கொடுத்தவர் எங்கள் தெருத் தலைவர் அண்ணாச்சி. அவரைக் கெட்டவர் என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. தென்காசி ஆஸ்பத்திரியில் யாருக்கு ரத்தம் வேண்டுமென்றாலும் முதல் ஆளாகக் கை நீட்டுவார், யாருக்கு என்று கேட்க மாட்டார். பெட்டிக்கு மட்டும் கேட்டார். பராமரிக்கும் பொறுப்பை எங்களிடமே தருவதாகச் சொன்னபோது நான் சரி என்று தலையாட்டினேன். ஒன்றுக்கு இரண்டாக இருந்தால் நல்லதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், எங்கள் தெருக்காரர்களைப் பகைத்துக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை.

குற்றாலம் ரோட்டில் டீக்கடையில் வைத்து நண்பனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் கையிலிருந்த கிளாஸை ஒருமுறை திருப்பிப் பார்த்தான்.

"செத்தவங்களுக்கும் தனி டம்ளராலே?" என்றான்.

"அப்படிப் பாக்காதலே. நம்ம வேலை நடக்கணும்லா" என்றேன்.

அதன் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. புதுப் பெட்டியை மேலத்தெரு ஊர் மண்டபத்தில் வைத்துப் பூட்டினார்கள். சாவி அண்ணாச்சியிடம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நண்பன் வந்து அதை ஓடவிட்டுப் பார்ப்பான். ரிப்பேர் பார்க்கிறவன் எந்தத் தெரு என்று யாரும் கேட்கவில்லை. தங்கை அதற்குள் குவைத்துக்கு வேலைக்குப் போயிருந்தாள். அங்கிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். "அட்டையில நாம எழுதினது இது இல்லியே அண்ணே" என்று மட்டும் அதில் இருந்தது. பதிலுக்குக் கட்டைவிரல் படத்தை அனுப்பிவைத்தேன். இவ்வளவு கேவலமான பதிலை வாழ்க்கையில் வேறு யாருக்கும் நான் அனுப்பியதில்லை.

பழைய பெட்டி ஊர் ஊராக அலைந்து தேய்ந்தது. புதுப் பெட்டி பெரும்பாலும் சும்மா கிடந்தது. பழையதில் கம்ப்ரஸர் முக்குகிறது, சீசன் முடிந்ததும் மாற்றிவிட வேண்டும் என்று நண்பன் சொல்லிக்கொண்டே இருந்தான். அந்தச் சீசனில்தான், ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை காலையில், அவன் அப்பா இறந்துபோனார்.

பழைய பெட்டியைத் துடைத்து, அப்பாவை அதில் வைத்து, மூடியை அவனே மூடினான். குவைத்தில் தங்கை லீவுக்கு நடையாய் நடந்து, திங்கட்கிழமை காலை திருவனந்தபுரத்தில் இறங்க டிக்கெட் வாங்கிவிட்டாள். அங்கிருந்து மலைப்பாதையில் வந்தால் மதியத்துக்குள் ஊர். "மொகத்தை மட்டும் எனக்கு வச்சிருங்க" என்று போனில் சொன்னாள். கிட்டத்தட்ட அதையே சொல்லித்தான் அவள் மூன்று வருஷத்துக்கு முன்னால் பயிற்சி முகாமில் ஒரு கூட்டத்தை வாயடைக்கவைத்திருந்தாள். அவளுக்காக ஒரு முகத்தைப் பார்த்துக்கொள்ளும் முறை எங்களுக்கு வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். கரண்ட் ஏறி இறங்கி விளையாடியதில் கம்ப்ரஸர் நின்றுவிட்டது. நண்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெற்று உடம்போடு பெட்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டான். தலைமாட்டில் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அவன் பக்கவாட்டு மூடியை ஸ்பேனரால் கழற்றி, மீட்டரை வைத்துப் பார்த்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தபோதே புரிந்துவிட்டது. புதுக் கம்ப்ரஸர் போட வேண்டும், பைப்பை நெருப்பு வைத்து ஒட்ட வேண்டும், கேஸ் ஏற்ற வேண்டும். அப்பாவை உள்ளே வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது.

"மண்டபத்துப் பெட்டிய கேளுலே" என்றான். இரண்டு வருஷத்தில் அவன் அந்தப் பெட்டியைப் பற்றி வாய் திறந்தது அன்றைக்குத்தான்.

பாலத்தைத் தாண்டி அண்ணாச்சி வீட்டுக்கு ஓடினேன். அவர் காலை ஆகாரம் முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார். முழுதும் கேட்டார். உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து என் கையிலேயே கொடுத்தார்.

"நான் தர மாட்டேன்னு சொல்லுவேன்னு நெனச்சியா? எடுத்துட்டுப் போ. ஆனா அங்கன போன பெட்டி அங்கனயே இருக்கட்டும், திரும்ப மண்டபத்துக்கு வராது. ஒங்க அப்பா படுத்துக் கெடக்காரு. ஒங்க அண்ணன் எங்கன இருக்கான்னு ஒனக்கே தெரியும். யோசிச்சுக்கோ."

என் அப்பா அப்போது மூன்று மாதமாகப் படுக்கையில் இருந்தார். இந்த வாரம் தாண்டுவது கஷ்டம் என்று வெள்ளிக்கிழமைதான் டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணன் அந்த முறையும் பனிமலையில்தான் இருந்தான். அவன் சுடுகாட்டில் என்னைக் கேட்ட அந்த ஒரு கேள்வியை இன்னொரு தடவை கேட்க என்னால் ஆகாது. சாவியோடு மண்டபத்து வாசல்வரை போனேன். பூட்டுக்குள் சாவியை நுழைக்கவும் செய்தேன். கம்பிக்கதவு வழியாகப் பெட்டி தெரிந்தது, மேலே போர்த்திய பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் முழுசாகக் கிழிக்கவில்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பிறகு திரும்பிப் போய் அண்ணாச்சியிடம் சாவியைக் கொடுத்துவிட்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் என்று தெரிந்த எல்லோருக்கும் போன் போட்டேன். எந்தப் பெட்டியும் காலியாக இல்லை. கடைசியில் மீன் கடைக்குப் போய் ஐஸ் வாங்கிவந்தேன். சாக்கில் கட்டி நானே சுமந்து, பாலத்தைத் தாண்டி, கீழத்தெருவுக்குப் போனேன். ஒரு தடவை அல்ல, அன்று மாலைக்குள் நாலைந்து தடவை. உள்ளங்கை வெடித்து ரத்தம் வந்தது. வலிக்க வலிக்கச் சுமந்தேன், அதில் எனக்கு ஏதோ ஆறுதல் இருந்தது.

முதல் தடவை ஐஸோடு போனபோது நண்பன் வாசலில் நின்றான். என்னைப் பார்த்தான், பின்னால் பெட்டி வருகிறதா என்று பார்த்தான்.

"தர மாட்டேன்னுட்டாருலே" என்றேன்.

அவன் என் தோளில் கை வைத்தான். "நீ என்ன செய்வ. நீ போய்க் கேட்டதே பெருசு" என்றான்.

அன்று சாயங்காலமே எடுத்துவிடலாம் என்று கீழத்தெருப் பெரியவர்கள் சொன்னார்கள். நண்பன் ஒத்துக்கொள்ளவில்லை. தங்கச்சி வரட்டும் என்று ஒரே பிடியாக இருந்தான். திங்கட்கிழமை விடியும்போது முகம் ஊதி, நிறம் மாறி, யாரும் பார்க்க முடியாதபடி ஆகியிருந்தது. வெள்ளைத் துணியால் நன்றாக மூடிக் கட்டிவிட்டார்கள்.

மதியம் கார் வந்து நின்றது. அவள் இறங்கி ஓடிவந்தாள். அத்தைமார் இரண்டு பேர் குறுக்கே வந்து அவளை அணைத்துப் பிடித்துக்கொண்டார்கள். "மொகத்தைப் பாக்காண்டாம்மா. பாக்காண்டாம். நம்ம அப்பா மாதிரி இல்ல" என்றார்கள். எத்தனையோ உடல்களைப் பார்த்த நர்ஸ் அவள், என்ன ஆகியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? திமிறவில்லை. மெதுவாகக் கால்மாட்டுக்கு வந்தாள். துணிக்கு வெளியே பாதம் மட்டும் தெரிந்தது, பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அந்தப் பாதத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள். எடுக்கிறவரை எழுந்திருக்கவில்லை. நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நல்ல நண்பன் என்று நாலு பேர் என்னைத் தேற்றினார்கள்.

பழைய பெட்டியை நண்பன் அதற்குப் பிறகு சரிசெய்யவில்லை. ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப்போட்டான். அந்த வருஷமே புனலூர் பக்கம் வேலைக்குப் போய்விட்டான். எங்கள் தொழில் அத்தோடு முடிந்தது. செங்கோட்டையிலிருந்தும் புளியறையிலிருந்தும் இன்றும் யாராவது போன் செய்து, "பெட்டி இருக்கா தம்பி?" என்று கேட்பதுண்டு. இல்லை என்பேன்.

என் அப்பா அந்த வாரத்தைத் தாண்டினார். அந்த மாதத்தையும் அந்த வருஷத்தையும் தாண்டினார். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார், தோசைக்குச் சட்னி காரமில்லை என்று குறை சொல்கிறார். அண்ணன் பணிக்காலம் முடிந்து ஊரோடு வந்துவிட்டான், அப்பாவுக்குப் பக்கத்தில்தான் படுக்கிறான். எங்கள் வீட்டில் இனி யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. அப்பா இருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மண்டபத்துக் கம்பிக்கதவு நினைவுக்கு வந்துவிடும், எழுந்து வெளியே போய்விடுவேன்.

போன மாதம் தங்கை லீவில் வந்திருந்தாள். விசாவைப் புதுப்பிக்கிற காகிதங்களோடு என் ஜெராக்ஸ் கடைக்கு வந்தாள். பாஸ்போர்ட்டை வாங்கி மெஷினில் வைத்தேன். புனலூர்ல அண்ணன் நல்லா இருக்கு, பொண்ணு பாக்குதோம் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு இப்ப அப்பா மொகம் சரியா நெனவுக்கு வர மாட்டேங்குதுண்ணே. போட்டோல உள்ள மொகந்தான் வருது" என்றாள். நான் பாஸ்போர்ட்டின் அடுத்த பக்கத்தைத் திருப்பி மெஷினில் வைத்தேன்.

நகல்களை அடுக்கிக் கவரில் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போகாமல் நின்றாள்.

"அன்னைக்கு நீங்க கை வெடிக்க வெடிக்க ஐஸ் சுமந்தீங்களாமே. அண்ணன் இப்பவும் சொல்லிக்கிட்டே இருக்கும். அந்தத் தெருவுல எங்களுக்காகப் போய்க் கேட்டது நீங்க ஒருத்தர்தான். ஒரு நாளாவது நேர்ல பாத்துச் சொல்லணும்னு இருந்தேன். ரொம்ப நன்றிண்ணே."

நான் "இருக்கட்டும்மா" என்று சொல்லி அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன்.